பிடித்த படத்தின் அவுட்டோர் ஷூட்டிங்குக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி இது: "என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாயாஜாலப் படத் தொடர் என்றால் அவளுக்கு உயிர், எல்லாப் பாகமும் மனப்பாடம். அடுத்த பாகத்தின் வெளிப்புறப் படப்பிடிப்பு நாங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் நடக்கிறது. கூட்டிப் போகட்டுமா? உள்ளே விடுவார்களா? பார்த்துவிட்டு வந்தால் படத்தின் மேல் இருக்கிற மயக்கம் போய்விடுமா?"

கூட்டிப் போங்கள். ஆனால் நடிகர்களைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். சில வருடங்கள் உதவி இயக்குநராக அவுட்டோரில் வெயிலிலும் மழையிலும் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: தடுப்புக்கு வெளியே நின்று முகம் வாடித் திரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் ஹீரோவைப் பார்க்க வந்த பிள்ளைகள்தான். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த பிள்ளையைச் சாயங்காலம் கிளப்புவதே கஷ்டம்.

காரணம் எளிது. ஷூட்டிங்கில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் காத்திருப்பு. பெரிய படங்களில் நாள் முழுக்க உழைத்து, திரையில் ஓடக்கூடிய இரண்டு நிமிடம் கிடைத்தாலே நல்ல நாள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தின் மூன்று பாகங்களையும் நியூசிலாந்தில் சேர்த்தே எடுத்தார்கள். 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை, முதன்மைப் படப்பிடிப்பு மட்டும் 274 நாள். தியேட்டரில் மூன்றும் சேர்ந்து ஓடியது ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம்தான் வரும். அதுவும் ஒரே சமயத்தில் பல யூனிட்கள் வெவ்வேறு இடங்களில் வேலை பார்த்து, விட்டுப்போனதைப் பிற்பாடு திரும்ப எடுத்தும்கூட. இந்தக் கணக்கைப் போகும் வழியிலேயே அவளைப் போடச் சொல்லுங்கள். "ஏன் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை" என்ற கேள்வி அங்கே வராது.

இரண்டாவதாகச் சொல்லிவைக்க வேண்டியது, கதை வரிசையில் எதையும் எடுக்க மாட்டார்கள் என்பது. இடம், வெளிச்சம், நடிகர்களின் தேதி, செட்டை எப்போது பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்துதான் வரிசையை முடிவு செய்யும். 'ஹாரி பாட்டர்' முதல் படத்தின் கடைசிக் காட்சி, பிள்ளைகள் ரயிலேறி ஊருக்குக் கிளம்புவது. அதை இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் கோத்லாண்ட் என்ற சின்ன ரயில் நிலையத்தில், 2000 அக்டோபரில், படப்பிடிப்பின் ஆரம்ப நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அதுவரை பள்ளிக்கூடக் காட்சி ஒன்றில்கூட முழுதாக நடித்து முடித்திருக்க மாட்டார்கள், அதற்குள் பிரியாவிடை. உங்கள் பெண் அங்கே பார்க்கப்போவதும் படத்தின் எந்த இடம் என்று அவளுக்கே புரியாமல் போகலாம். யாரோ அழுவார்கள், ஏன் என்று தெரியாது. ஊகிக்கட்டும், அதுவே ஒரு விளையாட்டு.

சரி, எதைப் பார்க்கச் சொல்வது?

முதலில் கிளாப் பலகை. எல்லாருக்கும் தெரிந்த பொருள்தான், ஆனால் எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. படத்தைப் பதிவது கேமரா. ஒலியைப் பதிவது தனிக் கருவி. இரண்டையும் பின்னால் ஒன்றாகப் பொருத்த வேண்டும். கட்டை மூடிக்கொள்ளும் அந்த ஒரு ஃபிரேமையும் 'டக்' என்ற சத்தத்தையும் சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும். பலகையில் சீன் எண், ஷாட், எத்தனையாவது டேக் எல்லாம் இருக்கும். சில நேரம் ஷாட்டின் தொடக்கத்தில் அடிக்க வசதிப்படாது. குதிரை மிரளும், குழந்தை அழும். அப்போது ஷாட் முடிந்த பிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். அதைக் கவனித்துப் பிடித்துவிட்டாள் என்றால் அவள் நல்ல பார்வையாளர்தான்.

அடுத்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஒருவர் கதவைத் திறந்து வந்து கோப்பையை எடுத்து ஒரு வரி பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தள்ளியிருந்து முழு இடமும் தெரிய ஒரு முறை. பிறகு அவர் முகம் மட்டும். பிறகு எதிரே நிற்பவரின் முகம், அதற்காக இவர் கேமராவுக்கு வெளியே நின்று அதே வரியை அதே உணர்ச்சியோடு மறுபடி பேச வேண்டும். பிறகு கோப்பை மட்டும். ஒவ்வொன்றுக்கும் விளக்கு மாறும், கேமரா ஓடும் ட்ராக் மாறும், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து டேக். எல்லாவற்றிலும் அவர் ஒரே கையால், அதே சொல்லில், கோப்பையை எடுத்தாக வேண்டும். அப்போதுதான் எடிட்டிங்கில் ஒட்டும்.

இங்கேதான் என் சொந்த விருப்பம் ஒன்றைச் சொல்கிறேன். செட்டில் பார்க்கத் தகுந்த ஆள் இயக்குநரோ ஹீரோவோ அல்ல, கன்டினியூட்டி பார்ப்பவர். மானிட்டர் பக்கத்தில் கையில் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்திருப்பார், அவ்வளவாகப் பேச மாட்டார். எந்தக் கை, எந்தச் சொல், கோப்பையில் எவ்வளவு தண்ணீர், தலைமுடி காதுக்கு முன்னாலா பின்னாலா, சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது என்று எல்லாம் அவர் குறிப்பில் இருக்கும். மூன்று வாரம் கழித்து வேறொரு ஊரில் அதே காட்சியின் மீதியை எடுக்கும்போது எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். படத்தை இருபது தடவை பார்த்து "இந்த இடத்தில் ஸ்கார்ஃப் மாறியிருக்கு" என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று தெரிவதே பெரிய விஷயம்.

மாயாஜாலப் படம் என்பதால் இன்னொன்று. ஷாட் முடிந்ததும் ஒருவர் இரண்டு பந்துகளைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடிப்பார், ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று கண்ணாடிபோல் பளபளப்பது. விளையாட்டு இல்லை. அந்த இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விழுகிறது என்பதைச் சாம்பல் பந்து காட்டும். சுற்றுப்புறம் முழுவதும் பளபளப் பந்தில் பிரதிபலிக்கும். பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு டிராகனை அங்கே உட்கார வைக்கும்போது அதன் மேலும் அதே வெயில் விழ வேண்டுமே, அதற்குத்தான். டிராகனை நேரில் பார்க்க முடியாது. டிராகனுக்கு எடுக்கிற அளவைப் பார்க்கலாம்.

அப்புறம் அம்பியன்ஸ் பதிவு. ஒலிப்பதிவாளர் கேட்டுக்கொண்டால் மொத்த யூனிட்டும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அசையாமல் நிற்கும். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை மட்டும் பதிவார்கள், வசனங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை நிரப்ப. கத்திக்கொண்டே இருக்கிற நூறு பேர் சட்டென்று உறைந்து நிற்பதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. அவளும் மூச்சு விடாமல் நிற்கட்டும்.

உள்ளே விடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். பொதுவாக, மாட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை. தரை முழுக்கக் கேபிள், தலைக்கு மேல் விளக்கு, நடுவில் வண்டிகள். வேலை செய்யாதவர் ஒருவர் நின்றால் அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். சண்டைக்காட்சி, நெருப்பு, தண்ணீர் இருக்கும் நாளில் யூனிட் ஆட்களின் குடும்பத்தையே உள்ளே விடத் தயங்குவார்கள். ஆனால் பொதுச் சாலையிலோ சதுக்கத்திலோ எடுக்கிறார்கள் என்றால் வெளியிலிருந்து பார்ப்பதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. ஷாட் ஓடும் சில நிமிடம் நிற்கச் சொல்வார்கள், கட் சொன்னதும் போக விடுவார்கள். வாக்கி டாக்கியோடு நிற்கும் இளைஞர்களிடம் மரியாதையாக "எங்கே நின்றால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?" என்று கேளுங்கள். நாள் முழுக்கத் திட்டு மட்டுமே வாங்கும் ஆட்கள் அவர்கள். இப்படிக் கேட்பவருக்கு நல்ல இடமாகவே காட்டுவார்கள். தனியார் நிலம் என்றால் வேலி தாண்டும் பேச்சே வேண்டாம். நியூசிலாந்தில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்தபோது ஒரு ரசிகர் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் செட்டை நோட்டம்விட்டுச் செய்தி போட, அத்துமீறல் நோட்டீஸ் அவர் கைக்கு வந்தது. பிறகு அவரையே தயாரிப்புத் தரப்பு முறையாக அழைத்து செட்டைச் சுற்றிக் காட்டியது வேறு கதை. அந்த இரண்டாம் பாதியை நம்பி முதல் பாதியைச் செய்யாதீர்கள்.

முறையான வழி வேண்டுமென்றால் படப்பிடிப்பு இடங்களை ஏற்பாடு செய்யும் லொக்கேஷன் மேனேஜருக்குத்தான் எழுத வேண்டும், இயக்குநருக்கோ நடிகருக்கோ அல்ல. அந்தப் பகுதி மக்களிடம் நல்ல பெயர் வாங்குவது அவர் வேலையில் ஒரு பகுதி. படப்பிடிப்பால் தொந்தரவு வரும் என்று அக்கம்பக்கத்தாருக்கு அவர் விடும் கடிதத்தில் தொடர்பு எண் இருக்கும். நாலே வரி போதும்: பிள்ளையின் வயது, ஏன் பார்க்க விரும்புகிறாள், ஒரு பெரியவர் கூட இருப்பார், போன் எடுத்து வர மாட்டோம். கடைசி வரிதான் கதவைத் திறக்கும், திறந்தால். பதில் வராவிட்டால் மறுபடி நச்சரிக்க வேண்டாம்.

போட்டி, நன்கொடை மூலம் அழைக்கிற வழியும் உண்டு. 2014இல் 'ஸ்டார் வார்ஸ்' ஏழாம் பாகம் எடுத்தபோது யுனிசெஃப் பணிகளுக்கு நன்கொடை கொடுத்தவர்களில் குலுக்கலில் தேர்வாகிறவருக்கு செட்டுக்கு வந்து படத்திலேயே தலைகாட்டும் வாய்ப்பு என்று அறிவித்தார்கள். 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இதெல்லாம் லாட்டரி. கூட்டத்தில் நடிக்கப் பிள்ளைகள் தேவை என்று அறிவிப்பு வந்தால் மட்டும் யோசிக்கலாம். பல நாடுகளில் அதற்கு உரிமம் வேண்டும், பிள்ளைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, உடன் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். 'ஹாரி பாட்டர்' செட்டில் பிள்ளைகள் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே ஆசிரியர்களிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் அவளுடைய உற்சாகம் கொஞ்சம் குறையலாம்.

போன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பெரிய தொடர்கள் கதையைக் காப்பாற்றப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1982இல் 'ஸ்டார் வார்ஸ்' தொடரின் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' எடுத்தபோது 'ப்ளூ ஹார்வெஸ்ட்' என்று ஒரு போலிப் பெயர் வைத்து, அது ஏதோ பேய்ப் படம் என்று சொல்லி, யூனிட்டுக்குத் தொப்பியும் டிஷர்ட்டும்கூட அந்தப் பெயரிலேயே போட்டார்கள். ரசிகர் கூட்டத்தைத் தவிர்க்க மட்டுமல்ல, பெரிய படம் என்று தெரிந்தால் விலையை ஏற்றிச் சொல்வார்களே, அதற்கும். இன்றும் யூனிட்டுக்கு வழிகாட்டச் சாலையோரம் வைக்கும் அம்புக்குறிப் பலகைகளில் படத்தின் உண்மைப் பெயர் இருக்காது. நடிகர்கள் கேரவனிலிருந்து இறங்கி வரும்போது உடுப்புக்கு மேல் நீள அங்கி போட்டு மூடிக்கொண்டு வருவார்கள். அவள் தற்செயலாக ஏதாவது பார்த்துவிடலாம், இறந்துபோன பாத்திரம் உயிரோடு நிற்பது மாதிரி. அதைப் படம் வரும் வரை, ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், தோழிகளிடம் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு அது பெரிய சோதனை. ஆனால் ரகசியத்தை ஒப்படைத்தால் அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகவே காப்பார்கள் என்பது என் எண்ணம்.

நடிகரைப் பற்றி ஒரே எச்சரிக்கை: தூரத்தில் ஹீரோவின் உடுப்பில் நிற்பவர் ஹீரோவாக இருக்க வேண்டியதில்லை. விளக்கு சரிபார்க்கும்போது நிற்பதற்கு ஒருவர் இருப்பார், குதிப்பதற்கு டூப் இருப்பார். கையை ஆட்டிவிட்டு ஏமாறக் கூடாது. நிஜ ஆளே பக்கத்தில் வந்தாலும் ஷாட்டுக்குப் போகும்போது கூப்பிடக் கூடாது, வசனத்தை வாய்க்குள் ஓட்டிக்கொண்டு போவார். வேலை முடிந்து கிளம்பும்போது நின்றால் அவர் விருப்பம்.

மயக்கம் போய்விடுமா? ஏழெட்டு வயது என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பூதத்தின் தலையைக் கழற்றிவைத்துவிட்டு ஒருவர் டீ குடிப்பதைப் பார்ப்பது அந்த வயதில் நல்லதில்லை. பன்னிரண்டில் நடப்பது வேறு. எப்படிச் செய்தார்கள் என்று தெரியத் தெரியத்தான் பிரியம் கூடும். 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாவதாக வந்த படத்துக்கு 1979 மார்ச்சில் நார்வேயின் ஃபின்ஸே என்ற மலையூருக்குப் போனார்கள். கடும் பனிப்புயல், வெளியே போக முடியவில்லை. ஹீரோ பனிக்குகையிலிருந்து தப்பித்து ஓடும் காட்சியைத் தங்கியிருந்த ஹோட்டலின் கதவருகே கேமராவை வைத்து, நடிகரை மட்டும் வெளியே ஓடவிட்டு எடுத்தார்கள். அதே தொடருக்காகப் பின்னாளில் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் ஸ்கெலிக் மைக்கேல் என்ற பாறைத் தீவில் எடுத்தபோது ஃப்ரேம் முழுக்க பஃபின் பறவைகள். பாதுகாக்கப்பட்ட இனம், விரட்ட முடியாது. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழிப்பதும் பெரும்பாடு. அதனால் அந்த உருவத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு கற்பனைப் பறவையையே உண்டாக்கினார்கள். 2017இல் வந்த எட்டாம் பாகத்தில் பிள்ளைகள் கொண்டாடிய 'போர்க்' அப்படிப் பிறந்ததுதான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் குறையுமா கூடுமா, சொல்லுங்கள்.

ஷூட்டிங் தேதி ஒத்துவராவிட்டாலும் பெரிய இழப்பில்லை. எடுத்து முடித்த இடத்துக்குப் பிறகு போவது சில வகையில் இதைவிட நல்லது. 'ஹாரி பாட்டர்' படங்களின் மாயாஜாலப் பள்ளியான ஹாக்வர்ட்ஸ் என்று ஒரு கட்டடம் இல்லை: துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொண்டது ஆனிக் கோட்டையில், நடைபாதைகள் குளோஸ்டர் கதீட்ரலில், சில வகுப்பறைகள் லேகாக் அபேயில், பெரும்பகுதி லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் போட்ட செட். அந்த செட்டுகளை 2012 முதல் மக்கள் பார்க்கலாம். நியூசிலாந்தின் மாட்டமாட்டாவில் ஒரு ஆட்டுப் பண்ணையில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்துக்காகப் போட்ட ஹாபிட் கிராமம் முதலில் தற்காலிகப் பொருட்களில் கட்டியது. அடுத்த தொடருக்காகத் திரும்பக் கட்டியபோதுதான் நிலையாகக் கட்டினார்கள். அங்கிருக்கும் வட்டக் கதவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் வெலிங்டன் ஸ்டுடியோவில் எடுத்தது. உச்சியில் நிற்கும் பெரிய ஓக் மரமும் செயற்கை. இப்படி எந்தத் துண்டை எங்கே ஒட்டினார்கள் என்று படத்தை நிறுத்தி நிறுத்திக் கண்டுபிடிப்பதை அவள் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, எதையும் விட்டுவிட்டு வரவோ எடுத்துக்கொண்டு வரவோ கூடாது. வேல்ஸில் ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரையில் 'ஹாரி பாட்டர்' பாத்திரமான டாபி இறந்த இடத்தில் ரசிகர்கள் சாக்ஸும் வர்ணம் பூசிய கற்களும் வைத்து வைத்து, 2022இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நினைவிடம் இருக்கட்டும், பொருட்களை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நடைமுறைக்கு வருவோம். பகலில் போங்கள், நைட் ஷூட் விடியும்வரை இழுக்கும். சத்தமில்லாத காலணி, மழைக்கும் வெயிலுக்கும் ஏதாவது, தண்ணீர், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம், தப்பித்தவறி ஃப்ரேமில் விழுந்தால் அந்த டேக் போச்சு. ரெண்டு மூன்று மணி நேரம் போதும், அவள் இன்னும் கொஞ்சம் என்பாள். வானிலை கெட்டால் உள்ளரங்கக் காட்சிக்கு மாறிவிடுவார்கள், இது எந்த நேரமும் நடக்கும். அதனால் போவதற்கு முந்தின மாலை அந்த வழியாக ஒரு சுற்று போய் அம்புக்குறிப் பலகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றியிருந்தால் யூனிட் பேக்கப் ஆகி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம், அவளிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம்.